அம்மாவுக்கு வெச்ச மாட்டுச்சவ்வு வால்வு: ஒரு டேனரிக்காரனோட ரிவ்யூ

ஹார்ட் வால்வுக்கு எல்லாமா ரிவ்யூ எழுதுவாங்கன்னு கேக்காதீங்க, மிக்சிக்கு எழுதுறாங்க, மெத்தைக்கு எழுதுறாங்க, இவ்ளோ காசு குடுத்து நெஞ்சைப் பொளந்து உள்ள வெச்சுக்குற பொருளைப் பத்தி தமிழ்ல தேடினா ஆஸ்பத்திரி விளம்பரம் மட்டும்தான் வருது. அதான் நானே எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். பொருள் என்னன்னா அயோர்ட்டிக் டிஷ்யூ வால்வு (இதயத்துல இருந்து உடம்புக்கு ரத்தம் போற பெரிய குழாயோட வாசல்ல இருக்குற கதவுக்குப் பதிலா வெக்கிறது), மாட்டோட இதயத்தைச் சுத்தி உறை மாதிரி இருக்குமே அந்தச் சவ்வுல செஞ்சது, சைஸ் 21 மில்லிமீட்டர். வெச்சுக்கிட்டவங்க எங்கம்மா, வயசு 68. பொருளுக்கு 5க்கு 4 குடுப்பேன். வெச்ச ஆஸ்பத்திரி சென்னைல ஒரு தனியார், பேரு வேணாம், ஆபரேஷனுக்கு முழு மார்க், ஆனா விவரம் சொல்ற விஷயத்துல 5க்கு 2தான், ஏன்னு கீழ சொல்றேன்.

நான் ஆம்பூர் பக்கம் ஒரு டேனரில (தோல் பதப்படுத்துற ஆலை) டிரம் செக்‌ஷன்ல இருக்கேன், எந்தத் தோலுக்கு எந்த கெமிக்கல் எவ்ளோ போடணும்னு கணக்கு பாக்குற வேலை. இதை எதுக்கு சொல்றேன்னா, வால்வைப் பத்தி டாக்டர் விளக்க ஆரம்பிச்சப்போ வீட்ல மத்தவங்க எல்லாம் முழிச்சாங்க, எனக்கு மட்டும் பாதி கதை ஏற்கனவே தெரிஞ்ச கதையா இருந்துச்சு.

அம்மாவுக்கு மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும், நடுவுல ஒரு தடவை தலை சுத்தி உக்காந்துட்டாங்க. எக்கோல (இதயத்துக்கு எடுக்குற ஸ்கேன்) பாத்தா அயோர்ட்டிக் வால்வு சுண்ணாம்பு பிடிச்சு இறுகிப்போயிருக்கு. தெறக்குற அளவு ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் கீழ வந்துட்டா, வால்வுக்கு முன்னாடியும் பின்னாடியும் இருக்குற ரத்த அழுத்த வித்தியாசம் (கிரேடியன்ட்) சராசரியா 40 mmHgக்கு மேல போயிட்டா, அது சிவியர் கணக்கு, அதுவும் மூச்சு வாங்குறதெல்லாம் ஆரம்பிச்சிட்டா மாத்திரையால ஒண்ணும் ஆகாது, வால்வை மாத்தித்தான் ஆகணும்னு சொல்லிட்டாங்க.

மாத்துறதுன்னா மூணு வழி. ஒண்ணு மெக்கானிக்கல், உலோகமும் கார்பனும். ரெண்டாவது டிஷ்யூ, பன்னியோட வால்வையே எடுத்து பக்குவப்படுத்தினது, இல்லன்னா மாட்டோட இதயச்சவ்வை வெட்டித் தைச்சது. மூணாவது டாவி, நெஞ்சைத் திறக்காம தொடை வழியா குழாய் விட்டு வெக்கிறது. அதுல வர்ற வால்வும் மாட்டுச்சவ்வோ பன்னிச்சவ்வோதான், ஆனா விலை எங்களுக்குக் கட்டுபடியாகாது, அதனால அந்தப் பேச்சு அங்கயே முடிஞ்சது. நம்ம நாட்லயே குஜராத் வாபில இருக்குற மெரில் கம்பெனி மைவால்னு டாவி வால்வு பண்றாங்க, அதுவும் மாட்டுச்சவ்வுதான்.

டாக்டர் டேபிள்ல ஒரு சாம்பிள் வால்வு வெச்சிருந்தாரு, காட்டுறதுக்குன்னே வெச்சிருக்குறது. தொட்டுப் பாருங்கன்னு கைல குடுத்தாரு. அடியில துணி சுத்தின வளையம், அதுலதான் தையல் போட்டு இதயத்தோட சேப்பாங்க, மேல மூணு இதழ், நடுவுல மூணும் ஒண்ணா ஒட்டி மூடியிருக்கு. லேசா மஞ்சளடிச்ச வெள்ளை. நகத்தால மெல்ல அழுத்தினேன், வளைஞ்சுட்டு திரும்பி வந்துச்சு. கனம் அரை மில்லிமீட்டர் கூட இருக்காது. நான் வாய் தவறி "சார் இது குளுட்டரால்டிஹைடுல போட்டதா"ன்னு கேட்டுட்டேன், அவரு ஒரு செகண்டு என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு "நீங்க டாக்டரா"ன்னாரு. இல்ல சார் தோல் ஷாப்புன்னேன்.

விஷயம் என்னன்னா, குரோம் (வழக்கமா தோல் பதப்படுத்துற உப்பு) இல்லாம தோல் வேணும்னு கேக்குறவங்களுக்கு, குறிப்பா கார் சீட்டு தோலுக்கு, நாங்க குளுட்டரால்டிஹைடுலதான் பதப்படுத்துவோம், வெட் ஒயிட்னு சொல்லுவோம். அதோட மஞ்சள் சாயல் பழகினவன் கண்ணுக்கு உடனே தெரியும். பச்சைத் தோல்னா பெரும்பகுதி கொலாஜன் நார். அப்படியே விட்டா ரெண்டு நாள்ல நாத்தம், 60 டிகிரி சூடு தாண்டினா சுருண்டுக்கும். குளுட்டரால்டிஹைட் போய் அந்த நாருங்களைப் பக்கத்து பக்கத்துல பிடிச்சு கட்டிப்போடும், அப்புறம் அழுகாது, கிருமி திங்காது, சூட்டையும் கொஞ்சம் கூடுதலா தாங்கும். நம்ம தாத்தா காலத்துல ஆவாரம்பட்டை பண்ணின அதே வேலைதான், கெமிக்கல் வேற. இதயச்சவ்வும் கொலாஜன்தான். அதை 0.6 சதவீதம் வாக்குல இருக்குற கரைசல்ல ஊற வெச்சு, வெட்டி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில ஆளுங்க உக்காந்து கையால தைக்கிறாங்க. தைக்கிறதுக்கு இன்னும் மெஷின் வரல பாருங்க, எங்க ஊரு ஷூ கம்பெனில அப்பர் (ஷூவோட மேல்பாகம்) தைக்கிற அக்காங்க ஞாபகம்தான் வந்துச்சு எனக்கு.

இதை மொதல்ல யோசிச்சது அலென் கார்பெந்தியேன்னு ஒரு பிரெஞ்சு சர்ஜன். 1965ல பாரிஸ்ல பன்னி வால்வை மனுஷனுக்கு வெச்சாங்க, வேற கெமிக்கல்ல போட்டு வெச்ச அந்த ஆரம்பகால வால்வுங்க சீக்கிரமே கெட்டுப்போச்சு, ஏன்னா உடம்பு அதை வேத்துப்பொருளா பாத்து அரிச்சிடுச்சு. அப்புறம்தான் அவரு குளுட்டரால்டிஹைடுக்கு மாறினாரு, வால்வு நின்னுச்சு. 2007ல அவருக்கும், மெக்கானிக்கல் வால்வுல முன்னோடியான ஆல்பர்ட் ஸ்டாருக்கும் சேத்து, அமெரிக்காவோட பெரிய மருத்துவ விருதான லாஸ்கர் விருது குடுத்தாங்க.

இங்கதான் எல்லாரும் குழப்பிக்கிறாங்க, என் மச்சான் உட்பட. "பன்னி இதயம் வெச்ச ஆளுங்க எல்லாம் செத்துட்டாங்களே, அத்தைக்கு எதுக்கு மாடு"ன்னு வாட்ஸப்ல நியூஸ் அனுப்புறான். அது வேற இது வேற மச்சான்! 2022 ஜனவரில அமெரிக்காவுல மேரிலாந்து யுனிவர்சிட்டில டேவிட் பென்னட்ங்கிற 57 வயசு ஆளுக்கு வெச்சது உசுரோட துடிக்கிற முழு இதயம். அந்தப் பன்னிக்கு பத்து ஜீனை மாத்தியிருந்தாங்க. ஏன்னா பன்னியோட செல் மேல ஆல்ஃபா-கால்னு ஒரு சர்க்கரை இருக்கு, நம்ம ரத்தத்துல அதுக்கு எதிரான ஆன்டிபாடி பிறந்த கொஞ்ச நாள்லயே உருவாகி ரெடியா நிக்குது, மாத்தாம வெச்சா அந்த உறுப்பு நிமிஷக் கணக்குல கருத்துப்போகும். மாத்தி வெச்சும் ரெண்டு மாசம்தான் இருந்தாரு, அந்த இதயத்துக்குள்ள பன்னியோட ஒரு வைரஸ் ஒளிஞ்சிருந்தது பின்னாடி தெரிஞ்சுது. 2023ல அதே இடத்துல இன்னொருத்தருக்கு வெச்சாங்க, ஆறு வாரம் கிட்ட. கிட்னில நெலமை கொஞ்சம் பரவாயில்ல, 2024 நவம்பர்ல நியூயார்க்ல டோவானா லூனிங்கிற அம்மாவுக்கு வெச்ச பன்னி கிட்னி 130 நாள் ஓடுச்சு, 2025 ஜனவரில பாஸ்டன்ல டிம் ஆண்ட்ரூஸ்ங்கிறவருக்கு வெச்சது 271 நாள். ரெண்டையுமே கடைசில எடுக்க வேண்டியதா போச்சு.

இதெல்லாம் உசுருள்ள உறுப்பு, அதுக்கு ரத்தம் போகணும், அது வேலை செய்யணும், நம்ம உடம்பு அதை அடிக்காம இருக்கணும், அதுக்கு எதிர்ப்பு சக்தியையே அடக்குற மருந்து காலம்பூரா சாப்பிடணும். அம்மாவுக்கு வெச்சதுல உசுருள்ள செல் ஒண்ணு கூட கிடையாது. செத்த நாரு, பதம் பண்ணின நாரு. உடம்புக்கு அதுல சண்டை போட பெருசா எதுவும் மிச்சமில்ல, அதனால அந்த மாதிரி மருந்தே வேணாம். நல்லதும் அதுதான், கெட்டதும் அதுதான். உசுருள்ள வால்வுல சின்ன கிழிசல் வந்தா செல்லுங்க சரி பண்ணிக்கும், இதுல சரி பண்ண ஆளில்ல. தேய்ஞ்சா தேய்ஞ்சதுதான்.

எவ்ளோ தேயும்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரிஞ்ச கணக்குல சொல்றேன். எங்க லேப்ல ஃப்ளெக்ஸோமீட்டர்னு ஒரு மெஷின் இருக்கு, தோலை மடிச்சு மடிச்சு விரிசல் வருதான்னு பாக்கும். ஷூ அப்பருக்கு ஒரு லட்சம் மடிப்பு தாங்கினா பார்ட்டி சந்தோசமா கையெழுத்து போடுவான். மனுஷ இதயம் அந்த ஒரு லட்சத்தை ஒரே நாள்ல அடிச்சு முடிச்சிடுது. வால்வு கம்பெனிங்களுக்கு டெஸ்ட் 20 கோடி தடவை தெறந்து மூடணும், அது சுமார் அஞ்சு வருஷ துடிப்பு, மெக்கானிக்கலுக்கு 40 கோடி. இந்த நம்பரைப் படிச்சதுக்கு அப்புறம் எங்க லேப் மெஷினைப் பாத்தா கொஞ்சம் பாவமாத்தான் இருக்கு.

பொதுவா 10ல இருந்து 15 வருஷம் ஓடும்னு சொல்றாங்க, சிலருக்கு அதுக்கும் மேல. வயசானவங்களுக்கு நல்லா நிக்கும், சின்ன வயசுக்காரங்களுக்கு சீக்கிரம் சுண்ணாம்பு பிடிச்சிடும், கிட்னி கெட்டவங்களுக்கும் அப்படித்தான். அதுக்கு ஒரு காரணம் அந்த குளுட்டரால்டிஹைடேதான், நாரோட ஒட்டாம மிச்சம் நிக்கிற பகுதி கால்சியத்தை இழுத்து சேத்துக்குது. அழுகாம காப்பாத்தினதே பின்னாடி கல்லாக்குது. இப்ப வர்ற வால்வுங்கள்ல அந்த மிச்சத்தை அடக்க தனி ட்ரீட்மென்ட் குடுத்துதான் அனுப்புறாங்க. ஆபரேஷன் தியேட்டர்லயும் ஜார்ல இருந்து எடுத்த வால்வை நேரா வெக்க மாட்டாங்க, கெமிக்கல் போக சலைன்ல கிண்ணம் மாத்தி மாத்தி அலசிட்டுத்தான் வெப்பாங்க.

அப்போ யாருக்கு எது? மோட்டாமோட்டா 65 தாண்டினா டிஷ்யூ, 50க்கு கீழன்னா மெக்கானிக்கல், நடுவுல இருக்குறவங்க டாக்டரோட பேசி முடிவு பண்ணணும், அமெரிக்க கைட்லைன் இப்படித்தான் சொல்லுது. என் பெரியம்மா பையனுக்கு சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சலால மைட்ரல் வால்வு (இதயத்தோட இடது பக்க ரெண்டு அறைக்கு நடுவுல இருக்குறது) போச்சு, அவனுக்கு வெச்சது சித்ரா வால்வு, மெக்கானிக்கல். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் இன்ஸ்டிட்யூட்ல உருவாக்கி டிடிகே கம்பெனி பண்றது, 1990ல மொத ஆளுக்கு வெச்சாங்க, வெளிநாட்டு வால்வோட பாத்தா விலையும் கம்மி. வருஷக்கணக்கா ஜம்முனு ஓடுது, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா அவன் காலம் முழுக்க அசிட்ரோம் (ரத்தம் இளக்குற மாத்திரை) சாப்பிடணும், ஐஎன்ஆர் டெஸ்ட் (ரத்தம் உறைய எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாக்குறது) எடுத்துக்கிட்டே இருக்கணும், 2.5க்கும் 3.5க்கும் நடுவுல நிக்கணும், ஒரு வாரம் முருங்கைக்கீரையா தின்னா நம்பர் இறங்கிடும், பல்லு புடுங்கணும்னாலும் யோசனை, கீழ விழுந்து அடிபட்டாலும் பயம். ராத்திரி அமைதியா இருந்தா டிக் டிக்னு அவன் நெஞ்சுல இருந்து சத்தம் கேக்கும், கல்யாணமான புதுசுல அவன் பொண்டாட்டி எந்திரிச்சு சுவர்க்கடிகாரத்தைத் தேடினாளாம்.

எங்கம்மாவுக்கு மூணு மாசம் மட்டும் அசிட்ரோம், அப்புறம் நிறுத்திட்டு ஆஸ்பிரின் ஒண்ணுதான். சத்தம் கித்தம் கிடையாது. கீரை இஷ்டத்துக்கு. கிராமத்துல இருக்குற வயசானவங்களுக்கு ஐஎன்ஆர் பாக்க பஸ் ஏறி டவுனுக்கு வரணுமே, அந்த அலைச்சல் இல்லாததுக்கே நான் ரெண்டு மார்க் குடுப்பேன். குழந்தை பெத்துக்க நினைக்கிற பொண்ணுங்களும் ரத்தம் இளக்குற மாத்திரை வயித்துல இருக்குற புள்ளைக்கு ஆகாதுன்னு, பின்னாடி இன்னொரு ஆபரேஷன் வரும்னு தெரிஞ்சே டிஷ்யூ எடுத்துக்குறாங்களாம், அது அவங்கவங்க கணக்கு.

இப்ப ஆஸ்பத்திரி மேல எனக்கு இருக்குற கோவத்துக்கு வரேன். கையெழுத்து போடச் சொன்ன ஃபாரம்ல "பயோபிராஸ்தெடிக் வால்வு"ன்னு (டிஷ்யூ வால்வுக்கு டாக்டருங்க சொல்ற பேரு) மட்டும்தான் போட்டிருந்துச்சு. எந்த மிருகம்னு ஒரு வரி கிடையாது, வாயாலயும் யாரும் சொல்லல. நான் கேட்டதாலதான் மாடுன்னு தெரிஞ்சுது. கேக்கத் தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க? எங்க ஷாப்புல கூட வேலை பாக்குற பாயோட அண்ணனுக்கு வால்வு மாத்தினப்போ பன்னி வேணாம், மாடுன்னா சம்மதம்னு மொதல்லயே சொல்லி வாங்கினாங்க, உசுருக்கு அவசியம்னா எதுவும் தப்பில்லன்னு அவங்க பெரியவங்க சொன்னாலும் மாத்து இருக்குறப்போ எதுக்குன்னு. அதே மாதிரி மாடு கூடாது, பன்னி பரவால்லன்னு சொல்ற வீடும் இருக்கு. ரெண்டும் மார்க்கெட்ல கிடைக்குது, கேட்டா மாத்தித் தரலாம், அப்புறம் சொல்றதுக்கு என்ன கேடு. அம்மாகிட்ட நான்தான் தயங்கித் தயங்கி சொன்னேன், வெள்ளி செவ்வா கவிச்சி தொடாதவங்க ஆச்சே என்ன சொல்லுவாங்களோன்னு. "இன்னாடா புதுசா சொல்ற, இத்தினி வருசமா மாட்டுத்தோல்லதான் நம்ம ஊட்ல சோறு பொங்குது"ன்னாங்க, முடிஞ்சது.

இதுல இன்னொண்ணும் இருக்கு. பன்னியே வேணாம்னு சொல்றவங்களுக்கும் பன்னி உள்ள போகத்தான் செய்யுது. இதயத்தை நிறுத்தி மெஷின்ல ரத்தத்தை ஓட்டுறப்போ உறையாம இருக்க ஹெபாரின் ஏத்துவாங்க, அது பன்னிக் குடல்ல இருந்து எடுக்குறது. முடிஞ்சதும் அதை முறிக்க குடுக்குற புரோட்டமின், சால்மன் மீனோட விந்துல இருந்து வந்தது. ஆக ஒரு சைவ மாமியைக் கூட மாடு பன்னி மீனு மூணும் சேந்துதான் பொழைக்க வெக்குது, இதை எங்கத்தை கிட்ட மட்டும் யாரும் சொல்லிடாதீங்க.

ரெண்டாவது கோவம் பல்லு. டிஸ்சார்ஜ்ல மாத்திரை லிஸ்ட், வெயிட் தூக்காதீங்க, இருமினா தலகாணியை நெஞ்சோட அணைச்சுக்கோங்க, எல்லாம் சொன்னாங்க. பல்லு புடுங்குறதுக்கு முன்னாடி ஆன்டிபயாட்டிக் போடணும்னு சொல்லல. வாயில இருக்குற கிருமி ரத்தத்துல கலந்து வால்வுல போய் உக்காந்தா எண்டோகார்டைட்டிஸ், அது வந்தா வால்வே போயிடும், உசுருக்கே ஆபத்து. எங்க ஊரு பல் டாக்டரம்மாதான் நெஞ்சுல இருந்த தழும்பைப் பாத்து கேட்டு, ஒரு மணி நேரம் முன்னாடி அமாக்சிசிலின் 2 கிராம் போட வெச்சுட்டு அப்புறம் கை வெச்சாங்க. அந்த அம்மாவுக்கு 5க்கு 5.

இன்னொண்ணு, இம்பிளான்ட் கார்டு. வால்வோட மாடல், சைஸ், சீரியல் நம்பர் எல்லாம் போட்டு ஒரு சின்ன கார்டு தருவாங்க, எங்களுக்கு ஃபைல் கட்டுக்குள்ள எங்கயோ சொருகி வெச்சிருந்தாங்க, தேடி எடுத்து லேமினேட் பண்ணி அம்மா பர்ஸ்ல போட்டிருக்கேன், ஃபோட்டோ என் போன்லயும் இருக்கு. பின்னாடி எந்த டாக்டர்கிட்ட போனாலும் அதைத்தான் மொதல்ல கேக்குறாங்க.

காசு விஷயம். மெக்கானிக்கலை விட டிஷ்யூ விலை ஜாஸ்தி, பேக்கேஜ்ல வால்வு சேருமா தனியாங்கிறதை மொதல்லயே எழுத்துல வாங்கிடுங்க, எங்களுக்கு தனின்னு கடைசில சொன்னாங்க. முதலமைச்சர் காப்பீடு இருக்குறவங்க வால்வு ஆபரேஷனுக்கு கேட்டுப் பாருங்க, எந்த வால்வு வரும்னும் சேத்து கேளுங்க.

நம்மாளுங்க இந்த மிருக உறுப்பு விஷயத்துல பின்தங்கினவங்கன்னு நினைக்காதீங்க, 1997லயே அசாம்ல குவாஹாட்டி பக்கம் சோனாப்பூர்ல தனிராம் பருவான்னு ஒரு டாக்டர், ஹாங்காங் சர்ஜன் ஒருத்தரோட சேந்து 32 வயசு ஆளுக்கு பன்னியோட இதயத்தையும் நுரையீரலையும் வெச்சாரு. ஏழு நாள்ல அந்த ஆள் இறந்துட்டாரு, 1994 உறுப்பு மாற்று சட்டத்துல டாக்டரை உள்ள போட்டாங்க, 40 நாள் ஜெயில். 2022ல மேரிலாந்து நியூஸ் வந்தப்போ அவரை அப்பவே தீர்க்கதரிசின்னு கொஞ்ச பேர் தூக்கிப் பேசினாங்க. ஜீனையே மாத்தி வெச்சதே ரெண்டு மாசம்தான் தாங்கிச்சு, அன்னைக்கு எந்த தைரியத்துல வெச்சாங்கன்னு எனக்குப் புரியல, அனுமதி வாங்காம மனுஷனை வெச்சு பாத்ததை என்னால பாராட்ட முடியல.

சரி, அம்மா இப்ப எப்படி? மாடி ஏறி வடாம் காயப்போடுறாங்க, கூப்பிட்டா மேல இருந்தே கத்துறாங்க, மூச்சு வாங்கல. நெஞ்செலும்பைக் கட்டின கம்பி குளிர் காலத்துல லேசா வலிக்குதுன்னு சொல்லுவாங்க, அவ்ளோதான். வருஷத்துக்கு ஒரு எக்கோ எடுக்கச் சொல்லியிருக்காங்க. ஒரு மார்க் ஏன் குறைச்சேன்னா ஆயுசுக்குத்தான். 80 வயசு கிட்ட இது தேய்ஞ்சா மறுபடி நெஞ்சைத் திறக்காம, இதுக்குள்ளயே இன்னொரு வால்வை டாவி மாதிரி குழாய் வழியா வெக்கலாம்னு சொல்றாங்க, ஆனா ஏற்கனவே வெச்சது சின்ன சைஸா இருந்தா உள்ள வெக்கிறது இன்னும் சின்னதாகி ரத்தம் போற வழி குறுகிடும். அதனால வெக்கிறதுக்கு முன்னாடியே, "சார் பின்னாடி உள்ள இன்னொண்ணு வெக்கிற மாதிரி சைஸ் வருமா, வால்வு உக்கார்ற ரத்தக்குழாயோட வேரை அகலப்படுத்தி பெருசு வெக்க முடியுமா"ன்னு கேட்டுடுங்க.

அம்மாவுது 21. இதே சைஸுக்குள்ள யார் வீட்லயாவது ரெண்டாவது வால்வு வெச்சிருந்தா, அதுக்கப்புறம் எக்கோல கிரேடியன்ட் எவ்ளோ வந்துச்சு, எவ்ளோ செலவாச்சுன்னு கீழ போடுங்க.